குக்கர் விசிலை வந்து சொல்லும் சீனி

சீனியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் என் காதிலிருந்து தொடங்கினால்தான் அந்த நாய் எதற்கு என்பது விளங்கும்.

2014ல் எனக்கு வந்த காசநோய் வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத வகை. எம்.டி.ஆர். என்பார்கள். அன்றைய சிகிச்சை முறையில் முதல் கட்டம் ஆறிலிருந்து ஒன்பது மாதம். மாத்திரைகளோடு கனமைசின் ஊசியும் உண்டு. நோய் குணமானது. கேள்திறன் போனது. உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர் செல்களை அந்த மருந்து கொன்றுவிடும், செத்தவை மறுபடி முளைக்காது. கீச்சொலிகள்தான் முதலில் போகும். எனக்கு முதலில் நின்றது கொசுவின் ரீங்காரம். அதற்கு யார் வருத்தப்படுவார்கள்? அப்புறம் ஃபோன் மணி, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் என் மகனின் குரல். 2019ல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்குக் கனமைசின் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இப்போது ஊசியே இல்லாமல் மாத்திரையிலேயே வைத்தியம் நடக்கிறது. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சொலி அளவில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். நான் அந்தக் கோட்டைத் தாண்டியவள். கருவி மாட்டினால் லாரி உறுமுவதும் கொட்டுச் சத்தமும் எட்டும், வார்த்தைகள் எட்டாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். பேச்சு பழையபடி வரும், ஆனால் என் குரலை நானே கேட்க முடியாததால் கத்துகிறேனா முணுமுணுக்கிறேனா என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழில் தையல். மதுரையில், வீட்டு முன்னறையிலேயே மெஷின். அளவு ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் கேட்டில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான் தலையைத் தூக்காததால் அடுத்த தெரு டெய்லரிடம் போனார்கள். காது போனதில் பெரிய துயரம் பாட்டு கேட்க முடியாததுதான் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். வாடிக்கை போவதுதான் முதலில் வலித்தது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். நாக்பூர் லோடு இறக்கிவிட்டு நடுச்சாமத்தில் வந்து கதவைத் தட்டுவார். மகனும் அத்தையும் மாடியில் தூங்குவார்கள், கீழே நான் மட்டும். ஜன்னலில் கல் எறிந்து பார்த்துவிட்டு, அலுத்துப்போய் லாரி கேபினிலேயே படுத்துவிடுவார்.

என்னைப் போன்றவர்கள் நாயை நினைப்பதற்கு முன்னால் விளக்கை நினைக்க வேண்டும். காலிங் பெல்லோடு சேர்ந்து மின்னும் பல்பை எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு மணி நேரத்தில் மாட்டித் தந்துவிடுவார். ஃபோனில் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி இருக்கிறது, தமிழும் வாங்கும். 2020லிருந்து அதே செயலி காலிங் பெல், குழந்தை அழுகை, புகை எச்சரிக்கை மணி போன்ற சத்தங்களைக் கேட்டு ஃபோனை அதிர வைக்கிறது. இவை எல்லாம் என்னிடம் உண்டு, இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் பல்பு இருக்கும் அறையில் நான் இருக்க வேண்டும். ஃபோன் வைத்த இடத்தில்தான் ஃபோனுக்குக் காது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து காலிக் குடத்தில் விழும் சத்தம் வீட்டுக்குள் இருக்கும் ஃபோனுக்கு எட்டாது. மதுரையில் அதைவிட முக்கியமான சத்தம் எது?

காது கேளாதவர்களுக்காக நாயைப் பழக்கும் வேலை 1970களில் அமெரிக்காவில் தொடங்கியது. பிரிட்டனில் ‘ஹியரிங் டாக்ஸ் ஃபார் டெஃப் பீப்பிள்’ அமைப்பு 1982ல் வந்தது. பார்வையற்றோரை அழைத்துப்போகும் நாய்க்கு லாப்ரடார் போன்ற பெரிய உடம்பு தேவைப்படுகிறது. இந்த வேலைக்கு உடம்பு பொருட்டே இல்லை, துறுதுறுப்பும் கூர்மையும் போதும். அதனால் அமெரிக்காவில் தொடக்கத்திலிருந்தே காப்பகங்களில் கேட்பாரற்றுக் கிடந்த கலப்பின நாய்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் “வளர்க்கிறதுதான் வளர்க்கிறே, ராஜபாளையம் வாங்கு” என்றார். தூய வெள்ளை ராஜபாளையம் குட்டிகள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டுக்கு ஒரு செவிடு போதும் என்று சொல்லிவிட்டேன்.

சீனி லாரி ஷெட்டில் கிடைத்தவள். வீட்டுக்காரர் வண்டியைப் பின்னால் எடுக்கப் போகும்போது டயருக்குக் கீழே செம்மண் நிறத்தில் ஏதோ கிடப்பதை கிளீனர் பார்த்திருக்கிறார். ஏற்கெனவே வேறு வண்டி அடித்துப் பின்னங்கால் உடைந்த நாய். வயது ஒன்று இருக்கலாம். காது நுனியில் வெட்டு இருந்தது. கருத்தடை செய்து விட்ட தெரு நாய் என்பதற்கு அடையாளம் அது. முதுகெல்லாம் சொறி. சாக்கில் தூக்கி வைக்கும்போது வலி தாங்காமல் அவர் கையைக் கடித்துவிட்டாள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். தெரு நாயைக் காப்பாற்றப் போகிறவர்கள் முதலில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் ரேபிஸ் தடுப்பூசியை இலவசமாகப் போடுவார்கள். தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று, அதாவது 0ஆம் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசியும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். “சின்னக் கீறல்தானே” என்று விட்டுவிட்டால் நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. நாயை அள்ளும்போது தடிமனான சாக்கோ போர்வையோ போட்டு மூடி, வாயைத் துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டிவிட்டுத் தூக்குவதுதான் முறை. பாசமான நாயும் எலும்பு முறிந்திருக்கும்போது கடிக்கும். அதில் குணக்கேடு எதுவும் இல்லை.

சொறிக்கு எங்கள் பக்கத்தில் வண்டியின் கழிவு ஆயிலை ஊற்றுகிற வழக்கம் இருக்கிறது. நாய் அதை நக்கும், தோலும் வெந்துபோகும். செய்யவே கூடாது. சொறி கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வருவது, கால்நடை மருத்துவர் எடை பார்த்து மருந்து கொடுத்தால் சில வாரத்தில் முடி முளைத்துவிடும். சீனிக்கு உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. ஈறு வெளிறி, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். பாதியில் நாய் எழுந்து வாலாட்டத் தொடங்கும், அப்போது நிறுத்திவிடத் தோன்றும். காசநோய்க்கு மருந்து தின்றவளுக்கு அந்த விஷயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலில் கட்டோடு முன்னறையில் என் மெஷினுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். ஓடக் கூடாது என்று சங்கிலி. ஃபால்ஸ் அடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். திடீரென்று தலையைத் தூக்குவாள், காது இரண்டும் கேட் பக்கம் திரும்பும். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி கேட், மறுபடி என் முகம். நான் எட்டிப் பார்த்தால் அங்கே யாரோ நின்றிருப்பார்கள். நாட்டு நாய்க்குக் காது நட்டுக்கொண்டு நிற்கும், சத்தம் வந்த திசைக்குத் தனித்தனியாகவும் திரும்பும். தொங்கு காது நாயிடம் இதைப் படிக்க முடியாது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்குமென்றால் நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். என்னிடமிருந்து போன கீச்சொலிகள் எல்லாம் அதன் ராஜ்ஜியத்தில்தான் இருக்கின்றன.

பின்னால் நான் கற்றுக்கொடுத்தது எல்லாமே இதன் மேல் கட்டியதுதான். கேட்டவுடன் என்னைப் பார்ப்பது அவளிடமே இருந்தது. பார்ப்பதோடு நிறுத்தாமல் எழுந்து வந்து தொட வேண்டும், தொட்டபின் சத்தத்திடம் கூட்டிப்போக வேண்டும், இந்த இரண்டை மட்டும் சேர்த்தேன். ஆகவே நாயைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியதும் இதைத்தான். அதற்குத் தெரியாமல் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கீழே போடச் சொல்லுங்கள். பயந்து ஓடி ஒளிந்து வெளியே வராத நாய் இந்த வேலையில் வதைபடும். திரும்பியே பார்க்காத நாய்க்கு இதில் அக்கறை இல்லை. துள்ளிக் குதித்துவிட்டு, உடனே தேறி, அது என்ன என்று மோந்து பார்க்க வருகிறதே, அதுதான் வேண்டும். வெளிநாட்டு அமைப்புகளிலேயே நிறைய நாய்கள் பாதியில் கழிந்துபோகின்றன. அப்படிப்பட்ட நாயை வீட்டு நாயாக வளர்க்கும் மனம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். வேலைக்கு ஆகவில்லை என்று மறுபடி தெருவில் விடுவதாக இருந்தால், அதை முதலிலேயே அள்ளாமல் இருப்பது மேல்.

அத்தைக்கு நாய் ஆகாது. “வீட்டுக்குள்ள நாயா? சாமி படம் இருக்கு, விளக்கு ஏத்துற வீடு.” உதட்டைப் படிக்கத் தேவையே இல்லாத அளவுக்குத் தெளிவாகச் சொன்னார். மகன் நடுவில் பேசி ஒரு ஏற்பாடு வந்தது. முன்னறை, நடை, கூடம் வரலாம். அடுப்படி, சாமி அறை கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விதிதான் நாய்க்கும் நல்லது. ஒருவர் கூப்பிட்டு ஒருவர் துரத்தினால் அது குழம்பிப்போகும்.

பழக்கும் முறைக்கு வருகிறேன். இந்த வேலைக்குக் குரைப்பு உதவாது, எனக்குக் கேட்காதே. தொட வேண்டும். காலால் தொடப் பழக்குகிறவர்கள் உண்டு. மடியில் வாடிக்கையாளரின் பட்டுப்புடவை கிடக்கும்போது நாய் நகம் மாட்டினால் என்ன ஆகும் என்று தையற்காரிக்குத் தெரியும். அதனால் மூக்கால் முழங்காலை இடிக்கப் பழக்கினேன். முதலில் உள்ளங்கையை நீட்டுவேன், அவள் மோந்து பார்க்க மூக்கை ஒட்டிய கணத்தில் மகன் பால்பாயிண்ட் பேனாவை ‘டிக்’ என்று அழுத்துவான், நான் ஒரு துண்டு கொடுப்பேன். டிக் என்றால் சரி, தீனி வரும் என்று அவளுக்குப் பிடிபட்டது. கடையில் இதற்கென்றே கிளிக்கர் விற்கிறார்கள், பேனாவே போதும். மகன் இல்லாத நேரத்துக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது அதே அர்த்தம். கையிலிருந்து மெல்ல முழங்காலுக்கு மாற்றினேன். தீனி என்றால் வேகவைத்த கோழி ஈரல், பயறு அளவுக்குக் கிள்ளியது. சமைத்த கோழி எலும்பு, வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை கூடவே கூடாது.

அடுத்தது சத்தம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். காலிங் பெல்லை மகன் அழுத்துவான். அவள் காது திரும்பியதும் நான் முழங்காலைக் காட்டுவேன், இடித்தால் தீனி. கொஞ்சம் கொஞ்சமாக நான் காட்டுவதை நிறுத்தினேன். ஒரு நாள் நான் குனிந்து பாபின் மாற்றிக்கொண்டிருக்கும்போது தானாக வந்து இடித்தாள். பிறகு ‘எங்கே?’ அதற்கு நம் ஊரில் எல்லோரும் செய்வது போல உள்ளங்கையை மேலே பார்த்துத் திருப்பிக் காட்டுவேன். அவள் முன்னால் நடக்க வேண்டும், நான் பின்னால். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய துண்டு. பிரிட்டனில் பழக்கும் நாய்கள் நெருப்பு எச்சரிக்கை போன்ற ஆபத்துச் சத்தத்துக்குத் தொட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு எஜமானரை இழுத்துப்போகக் கூடாதே. நானும் புகை எச்சரிக்கை மணி ஒன்று வாங்கி அப்படியே பழக்கினேன்.

பாடம் சின்னதாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம், அதற்குமேல் அவள் மூக்கை நக்கத் தொடங்குவாள், கொட்டாவி விடுவாள். அது தூக்கம் இல்லை, போதும் என்று சொல்வது. திட்டுவது, சங்கிலியை வெட்டி இழுப்பது எல்லாம் இந்த வேலையைக் கெடுத்துவிடும். நான் கட்டளை கொடுக்காதபோது, எனக்கே தெரியாத ஒன்றை, தானாக வந்து சொல்ல வேண்டிய நாய் இது. பயந்த நாய் எதையும் தானாகச் சொல்லாது.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காத ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். முழங்காலை இடித்தால் ஈரல் வருகிறது என்று நாய்க்குத் தெரிந்துவிட்டது. சத்தம் வந்தால் இடிக்கிறாள், பசித்தாலும் இடிக்கிறாள். காது கேட்கிற பயிற்சியாளர் என்றால் ‘இப்போது சத்தமே இல்லையே’ என்று கண்டுபிடித்துத் தீனியை நிறுத்திவிடுவார். எனக்கு எப்படித் தெரியும்? அவள் கேட்டுக்குக் கூட்டிப்போகிறாள், அங்கே யாரும் இல்லை. வந்தவர் போய்விட்டாரா, இவள் ஏமாற்றுகிறாளா? ஏமாற்றுகிறாள் என்று தீனியை மறுத்தால், உண்மையிலேயே சத்தம் கேட்டுச் சொன்ன நாயைத் தண்டித்ததாகிவிடும். கொடுத்தால் பொய்க்குக் கூலி கொடுத்ததாகும். சில வாரங்கள் இரண்டு பேருமே எரிச்சலில் இருந்தோம்.

வழி இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. காலிங் பெல்லோடு இணைத்த பல்பை நாயின் கண்ணுக்குப் படாமல் என் மெஷினுக்கு நேர்மேலே மாற்றினோம். பெல் அடித்தால் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஃபோன் செயலியை அதிர்வில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டேன். நடையில் ஒளிந்து சத்தம் எழுப்பும் மகன், எழுப்பிய நொடியில் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புவான், அதுவும் அதிரும். அதிர்வு இல்லாமல் இடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தையலைத் தொடர்வேன், கோபம் காட்ட மாட்டேன். அதிர்வோடு இடித்தால் தீனி. பொய் மெல்லக் குறைந்தது. நன்றாகப் பிடிபட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் எப்போதாவது, எதிர்பாராமல் கொடுத்தேன். அப்படிச் செய்தால் பழக்கம் இன்னும் உறுதியாக நிற்கும். காது கேளாதவர் தனியாக இதைச் செய்வது மிகவும் சிரமம். கேட்கிற ஒருவர், பொறுமையுள்ளவர், சில மாதம் கூட இருக்க வேண்டும். எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் இருந்தான். பரீட்சை நேரத்தில் பாடமும் நின்றது.

குக்கர் விசிலுக்கு அத்தையின் விதி குறுக்கே வந்தது. சத்தம் அடுப்படியில், நாய் அடுப்படிக்குள் போகக் கூடாது. அதனால் சீனி என்னை இடித்துக் கூட்டிப்போய் அடுப்படி வாசற்படியில் நிற்பாள், முன்னங்கால் படியைத் தாண்டாது, மூக்கு மட்டும் அடுப்பைப் பார்க்கும். மூன்று விசிலுக்கு மூன்று முறை வருவாள். ஆகவே முதல் விசிலிலேயே எழுந்து போய் நான் அடுப்பருகில் நின்றுகொள்வது வழக்கமாகிவிட்டது. பால் பொங்குவதற்கு அவளால் ஆவது ஒன்றுமில்லை, அது சத்தமில்லாமல் பொங்கும்.

தண்ணீருக்குப் பழக்குவது சுலபமாக இருந்தது. குழாயடியில் காலிக் குடத்தை வைத்துவிட்டு வருவேன். குடத்தில் முதல் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அவள் வந்துவிடுவாள். தெருவில் என்னைத்தான் கேட்பார்கள் இப்போது, தண்ணீர் வந்துவிட்டதா என்று. நடுச்சாமத்தில் வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் கட்டிலில் ஏறி முகத்தை இடிப்பாள். ஆனால் நள்ளிரவில் தட்டுகிற எல்லோருக்கும் திறக்கக் கூடாதே, அதனால் வீட்டுக்காரர் முதலில் ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். கூப்பிட்டிருக்கிறார், மகன் பள்ளியில், நான் மெஷினில். பாத்திரம் விழும் சத்தத்துக்கு சீனியை ஏற்கெனவே பழக்கியிருந்தேன், விழும்போது பித்தளைச் செம்பும் சேர்ந்து விழுந்திருக்கிறது. வந்து இடித்தாள், கூட்டிப்போனாள். மணிக்கட்டு எலும்பு விரிசல், கட்டுப் போட்டு ஆறியது. இதைக் கேட்டவர்கள் எல்லாம் ‘நன்றியுள்ள ஜீவன்’ என்று கண் கலங்குகிறார்கள். பித்தளைச் செம்பு விழாமல் அத்தை மட்டும் விழுந்திருந்தால் வந்திருப்பாளா என்பது எனக்கு நிச்சயமில்லை. அதனால் அதற்குப் பிறகு “ஆத்தா” என்ற கூப்பிடுகுரலுக்கும் பழக்கினோம். அத்தையே உட்கார்ந்து கத்திக் கத்திப் பயிற்சி கொடுத்தார். அடுப்படி விதி மட்டும் இன்றுவரை மாறவில்லை. “விழுந்தா வரட்டும். மத்தபடி படியோட நிக்கட்டும்.”

விசுவாசம் என்று சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் அறையை விட்டு எழுந்தால் அவளும் எழுகிறாள், காய்ச்சலில் கிடந்தால் கட்டிலடியை விட்டு நகர்வதில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மனிதர்கள் கூலியை மறந்துவிடுகிறார்கள். வேலை செய்கிற நாய்க்கு ஓய்வு நேரம் வேண்டும். எங்கள் வீட்டில் நீலக் கழுத்துப்பட்டை போட்டிருந்தால் வேலை. சாயங்காலம் மகன் வந்ததும் பட்டையைக் கழற்றிவிடுவோம், தெருவில் ஓடி மற்ற நாய்களோடு புரண்டுவிட்டு வருவாள். அந்த நேரத்தில் எந்தச் சத்தத்துக்கும் அவளைக் கேட்க மாட்டேன். தூங்கும்போது மட்டும் மறுபடி பட்டை.

வெடிச் சத்தம்தான் பெரிய எதிரி. தீபாவளிக்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம். எங்கள் ஊரில் இறுதி ஊர்வலத்துக்கும் வெடி, கோயில் கொடைக்கும் வெடி, தலைவர் வந்தாலும் வெடி. முதல் தீபாவளிக்கு அலமாரிக்குப் பின்னால் போனவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் காலிங் பெல்லுக்கே நடுங்கினாள். மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கித் தேற்ற வேண்டியிருந்தது. இப்போது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அலங்காநல்லூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறோம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் அவளைக் கூட்டிப்போவதே இல்லை. நாய் என்னோடு எங்கும் வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன், அவள் வீட்டுக்குள் எனக்குக் காது. வெளியே போனால் தெருமுனை வரை, அவ்வளவுதான். அங்கேயும் கயிற்றைப் பிடித்தபடி அவள் காதைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். இரண்டும் பின்னால் மடங்கித் திரும்பினால் வண்டி வருகிறது என்று ஓரம் போவேன்.

வெளியே கூட்டிப்போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவில் ஏ.டி.ஏ. என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இத்தகைய நாயோடு வருகிறவரைக் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்க முடியும்: உடல் குறைபாட்டுக்காக வேண்டியிருக்கும் நாயா, என்ன வேலைக்குப் பழகியிருக்கிறது? நம் நாட்டில் அப்படி ஒரு சான்றிதழ் முறை நடைமுறையில் இல்லை. இணையத்தில் ‘சர்வீஸ் டாக்’ என்று எழுதிய சட்டையும் அட்டையும் விற்கிறார்கள், அதற்குச் சட்டத்தின் பலம் எதுவும் கிடையாது. பஸ்ஸில் ஏற்றுவதும் இறக்குவதும் கண்டக்டர் மனசு. ஆனால் குடியிருப்பில் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் தடை போட முடியாது; இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அதைச் சொல்கிறது. வாக்குவாதத்துக்குப் போகும்போது அந்தத் தாளோடு ரேபிஸ் தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துப்போங்கள். ஊசிச் சீட்டைக் கண்டால்தான் அக்கம்பக்கம் அடங்கும், அவர்கள் பயமும் நியாயம்தானே. உள்ளாட்சியில் வளர்ப்பு நாய் உரிமம் தருகிற ஊராக இருந்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது.

இப்போது சீனிக்குத் தாடையெல்லாம் நரை. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் நாய்க்கும் கேள்திறன் குறையத் தொடங்கும். ஃபோன் மணிக்கு முன்பு போல உடனே வருவதில்லை, விசிலுக்கு வருகிறாள். இது சோம்பலா, காதா என்று சோதித்துப் பார்க்க மகன் பழைய பேனாவைத் தேடி எடுத்து, அவள் தூங்கும்போது தூரத்திலிருந்து அழுத்திப் பார்த்தான். காதுதான். அதிலிருந்து ஃபோன் மணியை அவள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், அது அதிர்ந்தால் போதும். காலிங் பெல்லைக் கட்டைக் குரலில் ஒலிக்கும் பெல்லாக மாற்றினோம். அவள் வேலை செய்ய முடியாத நாள் வரும் வரை காத்திருந்து அடுத்த நாயைத் தேடினால் நடுவில் ஒன்றிரண்டு வருடம் கேட்பார் இல்லாமல் போய்விடும். வேலை தெரிந்த நாய் வீட்டில் இருக்கும்போதே இளையதைக் கொண்டுவந்தால் அது பார்த்தும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறது.

அதனால் போன தையில் வைகைக் கரையோரம் மூன்று குட்டிகளுக்கு டம்ளர் போட்டுப் பார்த்தோம். இரண்டு ஓடிவிட்டன. மூன்றாவது டம்ளரையே கவ்விக்கொண்டு போனது. அதைத்தான் எடுத்து வந்தோம். தடுப்பூசி எல்லாம் முடிந்துவிட்டது. முழங்காலை இடிக்க வருகிறது, காலிங் பெல்லுக்கு மட்டும். குக்கருக்கு இன்னும் குரைக்கத்தான் செய்கிறது, நடுவே அடுப்படிக்குள்ளேயும் ஓடிவிடுகிறது. அத்தை விளக்குமாற்றை எடுத்து வாசற்படியில் குறுக்கே போட்டு வைத்திருக்கிறார். மகனுக்கு இப்போது கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். மற்ற நாட்களில் பேனா அழுத்துவது அத்தைதான்.